கடல் கடந்தவரின் மரண சாசனம்

கி.பி. 1786-இல் ஆங்கிலேயர் பினாங்குத் தீவில் துறைமுகம் அமைத்தபோது, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிச் சென்ற நம் முன்னோர் பலர் அங்கே குடியேறினர். ‘சூலியா’ என்றழைக்கப்பட்ட அத்தமிழ் முஸ்லிம்களின் பெருமையை, 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் பறைசாற்றுகிறது. வணிகம் செய்யச் சென்றோருள் சிலர் அங்கேயே மணமுடித்தனர். ஊரில் ஒரு குடும்பம், தீவில் ஒரு குடும்பம் என வாழ்ந்தோரும் உண்டு. அத்தகையோர் நோயில் விழுந்தால், தமக்குப் பின் மனைவி மக்களின் கதி என்ன என்பதே பெருங்கவலையாயிற்று.

மனைவி, ஒரே மகள், உடன்பிறந்த சகோதரர் ஆகியோரை மட்டும் விட்டு ஒருவர் மறைந்தார் என்று கொள்வோம். ஷரீஅத்தின்படி சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, மகளுக்கு 12, எஞ்சிய 9 சகோதரருக்கு. மனைவியர் இருவராயின் அந்த 3 பங்கையே சமமாகப் பகிர வேண்டும். வஸிய்யத் மூன்றில் ஒரு பகுதியைத் தாண்டலாகாது. மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி ஒரு வாரிசுக்கு வஸிய்யத் செய்வதும் செல்லாது.

ஆங்கிலேயர் நீதிமன்றம் வேறு வழியைத் திறந்துவிட்டது. 1807-ஆம் ஆண்டுச் சாசனத்தின் மூலம் பினாங்கில் ஆங்கிலச் சட்டம் புகுந்தது. அப்துல்லாஹ் என்பவரின் சொத்து குறித்த 1835-ஆம் ஆண்டு வழக்கில், முஸ்லிம் ஒருவர் தம் சொத்து முழுவதையும் உயில் மூலம் விரும்பியவருக்கு எழுதலாம் எனத் தீர்ப்பாயிற்று. 1871-இல் பாத்திமா - லோகன் வழக்கும் முஸ்லிமின் உயிலுக்கு ஆங்கிலச் சட்டமே பொருந்தும் என்றது.

இது மனைவிக்கும் மகளுக்கும் நன்மைதானே எனத் தோன்றலாம். ஆனால் முழுவதையும் அவர்களுக்கு எழுத வல்ல அதே பேனா, ஒரு காசும் இன்றி அவர்களை விலக்கவும் வல்லது. ஷரீஅத் வகுத்த பங்கையோ எந்த உயிலாலும் பறிக்க இயலாது.

ஹிஜ்ரத் செய்து மதீனா சென்ற ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள், ஹிஜ்ரி 10-இல் மக்காவில் கடும் நோயுற்றார்கள். அப்போது அவர்களுக்கு இருந்தது ஒரே மகள். பொருளில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றே போதும், அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே சிறந்தது எனவும் அறிவுறுத்தினார்கள். மூன்றில் ஒன்று என்னும் வரம்பு, அந்த மகளைப் போன்றோரின் பாதுகாப்புக்கே.

இன்றைய மலேசியாவில் 1959-ஆம் ஆண்டு உயில் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. பழைய அந்த வழி அங்கே அடைபட்டுவிட்டது.

நம் ஜமாஅத்திலும் அயல்நாடுகளில் உழைப்போர் பலர் உள்ளனர். மனைவிக்கும் மகளுக்கும் கூடுதலாகச் செய்ய விரும்புவோர், உடல்நலத்தோடு இருக்கும்போதே அன்பளிப்பாக வழங்கி உடைமையை ஒப்படைக்கலாம். மஹர் பாக்கியிருந்தால் அது கடன்; பாகப்பிரிவினைக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டியது. எங்கே மணமுடித்தாலும் நிக்காஹ் பதிவும், மனைவி மக்களின் பெயரும், கொடுக்கல் வாங்கல் விவரமும் எழுத்தில் இருக்கட்டும். மனைவியென்றும் மகளென்றும் நிறுவ முடியாதவர்களுக்கு, மார்க்கம் தந்த பங்கும் கைக்கு எட்டாது போகும்.

நம்மை நம்பியிருப்போரின் உரிமைகளை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.