தீவிலிருந்து தேநீர்க்கடைக்கு: இந்திய சூப்பர்ஹீரோ படங்களின் எதிர்நாயகர்கள்

சூப்பர்ஹீரோ படங்களின் வில்லன்களை ஒப்பிடும் உரையாடல்களில் நடிகரின் குரலும் தோற்றமும் மிரட்டலுமே பெரும்பாலும் அளவுகோலாகின்றன. அந்த அளவுகோலின்படி அம்ரீஷ் பூரியின் மொகாம்போவை வெல்ல இந்தியத் திரையில் ஒருவரும் இல்லை. ஆனால் வேறொரு கேள்வியும் உண்டு. ஒரு படம் எதைப் பற்றிப் பேச முனைகிறதோ, அதனை அதன் வில்லன் கூர்மைப்படுத்துகிறானா, மழுங்கச் செய்கிறானா? இக்கேள்வியை முன்வைத்து 1987 முதல் இன்றுவரையிலான படங்களைப் பார்த்தால் தரவரிசை முற்றிலும் மாறிவிடுகிறது. தீமை எங்கிருந்து வருவதாக ஒவ்வொரு காலகட்டமும் நம்ப விரும்பியது என்பதும் அதிலிருந்து தெரியவருகிறது.

எதிர்நாயகன் பற்றிய சிந்தனை இந்திய மரபுக்குப் புதிதன்று. 10-ஆம் நூற்றாண்டில் தனஞ்செயன் இயற்றிய ‘தசரூபகம்’ பிரதிநாயகனைப் பேராசையும் செருக்கும் பிடிவாதமும் கொண்ட பகைவனாக வரையறுக்கிறது. அவ்வரையறை குணங்களின் பட்டியல் மட்டுமே. அவன் ஏன் அவ்வாறானான், அவன் தரப்பு என்ன என்பவற்றை அது கேட்பதில்லை. வெகுசன இந்தி சினிமா நெடுங்காலம் இந்தப் பட்டியலுக்குள்ளேயே இயங்கியது எனலாம்.

சேகர் கபூர் இயக்கிய ‘மிஸ்டர் இந்தியா’ 1987 மே மாதம் வெளியானது. சலீம்-ஜாவேத் இணையின் எழுத்து. கதையின் மையம் பசி. அனாதைக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, வாடகை கொடுக்க முடியாமலும் மளிகைக் கடனை அடைக்க முடியாமலும் திண்டாடும் இளைஞன் அருண். அவன் கையில் கண்ணுக்குப் புலப்படாமல் ஆக்கும் கருவி ஒன்று கிடைக்கிறது. அக்கருவியைக் கொண்டு அவன் செய்யும் செயல்களில் பார்வையாளர் நினைவில் ஆழமாகப் பதிந்தது, உணவில் கல்லைக் கலந்தவர்களையே அக்கல்லைத் தின்னவைக்கும் காட்சி. உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954-இலும், இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் 1955-இலும் வந்துவிட்டன. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் திரையில் ஒருவன் மாயக்கருவி கொண்டு கலப்படக்காரனைத் தண்டிப்பதற்கு அரங்கம் கைதட்டியது என்றால், அச்சட்டங்கள் தெருவை எட்டிய அளவு அதிலேயே விளங்கும்.

இத்தகைய கதைக்கு மொகாம்போ எவ்வகையில் பொருந்துகிறான்? அவன் ஒரு தீவில் வாழ்கிறான். பொன்னிழை வேய்ந்த தளபதிச் சீருடையும் செம்பட்டை முடியும் கொண்டவன். கட்டளையிட்டால் வீரர்கள் அமிலக் குளத்தில் குதிக்கின்றனர். அவனுக்கு நாடு சொல்லப்படவில்லை, சாதியும் சமயமும் சொல்லப்படவில்லை. பெயரும் எந்த இந்திய மொழிக்கும் உரியதன்று. 1953-இல் ஜான் ஃபோர்டு இயக்கிய ஹாலிவுட் படத்தின் தலைப்பு அது. கள்ளக்கடத்தல், கலப்படம், பொது இடங்களில் வெடிகுண்டு என ஊரில் நடக்கும் தீமைகள் யாவும் இறுதியில் அத்தீவையே சென்றடைகின்றன. இங்கேதான் படத்தின் கருவும் வில்லனும் பிரிகின்றனர். அரிசியில் கல்லைக் கலப்பதற்குத் தீவுச் சர்வாதிகாரி எவனும் தேவையில்லை. தெருமுனை வணிகனின் இலாபக் கணக்கே போதும். அந்தக் கணக்கை வெளியிலிருந்து வந்த பகைவனின் பேரேட்டில் ஏற்றியதன் மூலம் படம் தன் பார்வையாளர்களுக்கு ஒரு நிம்மதியை வழங்கியது. தீவு வெடித்துச் சிதறினால் ஊர் தூய்மையாகிவிடும் என்னும் நிம்மதி. போஃபர்ஸ் பீரங்கிப் பேரம் பற்றிய செய்தியை ஸ்வீடன் வானொலி வெளியிட்டது அதே ஆண்டு ஏப்ரலில். படம் அதற்கு முன்பே உருவாகிவிட்டது என்பதால் அவற்றிடையே காரணத் தொடர்பு தேட வேண்டியதில்லை. ஆயினும், ஆயுதத் தரகு தலைநகரின் அலுவலக அறைகளில் தேடப்பட்டுக்கொண்டிருந்த கோடையில் திரையில் அது ஒரு தீவில் இருந்தது.

மொகாம்போவுக்கு நியாயமாகச் சேரவேண்டிய பெருமை ஒன்று உண்டு. இறுதி மோதலில் அருண் கருவியின் துணையின்றி, கண்ணுக்குத் தெரியும் சாதாரண மனிதனாகவே அவனை எதிர்கொள்கிறான். எதிரில் நிற்பவன் அத்தனை பகட்டாக இருப்பதால்தான் இவனது எளிமை ஒரு கருத்தாக உருப்பெறுகிறது. இது சிறுவர்களுக்கான கற்பனைக்கதை, இதில் பொருளியல் தேடுவது முறையா என்று கேட்கலாம். டீனா என்னும் சிறுமியை வெடிகுண்டில் சாகவிடத் துணிந்த படம் அந்தச் சலுகையைக் கோர முடியாது. கே. பாக்யராஜ் நடித்து 1989-இல் ‘என் இரத்தத்தின் இரத்தமே’ எனத் தமிழுக்கும் இக்கதை வந்தது.

1988-இல் வந்த ‘ஷாஹென்ஷா’வில் அதே அம்ரீஷ் பூரி ஊருக்குள்ளேயே வாழும் குற்றத்தலைவன். நேர்மையான காவல் அதிகாரி மீது பொய்யான இலஞ்சப் பழி சுமத்தப்படுகிறது; அவர் தற்கொலை செய்துகொள்கிறார்; மகன் பகலில் ஊழல் காவலராகவும் இரவில் தண்டிப்பவனாகவும் வாழ்கிறான். சட்டம் கைவிட்டது என்பதே கரு, சட்டத்தை விலைக்கு வாங்கியவனே வில்லன். மொகாம்போவின் புகழில் பாதிகூட இல்லாத இந்த வில்லன் தன் படத்துக்கு அவனைவிட ஒழுங்காக உழைத்திருக்கிறான்.

தாராளமயத்துக்குப் பிந்தைய தலைமுறையில் வில்லனின் இருப்பிடம் ஆய்வுக்கூடமாகிறது. ‘க்ரிஷ்’ (2006) படத்தில் நசீருதீன் ஷா ஏற்ற சித்தாந்த் ஆர்யா, எதிர்காலத்தைக் காட்டும் கணினியை உருவாக்க ரோஹித் என்னும் அறிவியலாளனைப் பயன்படுத்திக்கொள்கிறான். கணினியைத் திறக்க ரோஹித்தின் விழித்திரையும் இதயத்துடிப்பும் வேண்டும் என்பதால் அவனைக் கொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சிறைவைக்கிறான். அறிவை உடைமையாக்க வேண்டுமெனில் அறிவுடையவனின் உடலையே உடைமையாக்க வேண்டும் என்னும் இக்கற்பனை அப்படத்தின் சாகசக் காட்சிகள் அனைத்தையும்விட வலுவானது. ‘க்ரிஷ் 3’ (2013) இதனை நீட்டிக்கிறது. விவேக் ஓபராயின் கால், நோய்க்கிருமியை உருவாக்கிப் பரப்பிவிட்டு மாற்று மருந்தை விற்கிறான். மருந்துப் பொருள்களுக்கான காப்புரிமையை ஏற்கும் சட்டத்திருத்தம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2005-இல். மருந்தின் விலையை யார் தீர்மானிப்பது என்பது அப்போது உயிரோடிருந்த கேள்வி. படம் அக்கேள்வியின் வாசல்வரை வந்துவிட்டு, இரும்புக் கவசமும் இடிந்துவிழும் கட்டடங்களும் போதுமென்று திரும்பிவிடுகிறது. இரு விரல்கள் மட்டுமே அசையும் மாற்றுத்திறனாளியாக அவனைப் படைத்து, அக்குறையையே அவனது கொடுமைக்கு ஊற்றாக்கியதில் பழைய பழக்கம் ஒன்றும் தொடர்கிறது.

‘ரா.ஒன்’ (2011) கருத்தளவில் இவை எல்லாவற்றையும் மிஞ்சியிருக்க வேண்டிய படம். இலண்டனில் கணினி விளையாட்டு வடிவமைக்கும் சேகர் சுப்பிரமணியத்தின் மகனுக்குத் தந்தையின் சாதுத்தனம் பிடிக்கவில்லை. அவனுக்கு வில்லன்களையே பிடிக்கும். மகனை மகிழ்விக்க வெல்லவே முடியாத வில்லனைத் தந்தை படைக்கிறான். அந்த வில்லன் விளையாட்டிலிருந்து வெளியேறித் தந்தையைக் கொல்கிறான். தீமை மீதான இரசனைக்கு யார் விலை கொடுப்பது என்பதைவிடக் கூர்மையான கரு இவ்வகைப் படங்களுக்கு வாய்ப்பது அரிது. பெயரில் இராவணன், இறுதியில் பத்தாகப் பிரியும் உருவம், நகரில் எரியும் இராவணப் பொம்மை என மரபும் துணைக்கு வருகிறது. ஆனால் தந்தையின் சாதுத்தனத்தைக் காட்டப் படம் கையாண்டது நூடுல்ஸில் தயிர் ஊற்றிப் பிசைந்து உண்ணும் ‘மதராசி’க் கேலிச்சித்திரம். மகன் ஏன் தந்தையை மதிக்கவில்லை என்பதை ஆராய்ந்திருக்க வேண்டிய இடத்தில் பார்வையாளரையும் மகனோடு சேர்ந்து சிரிக்கவைத்தால், பின்னால் வரும் மரணத்துக்கு எடை எங்கிருந்து வரும்?

பிரசாந்த் வர்மாவின் ‘ஹனு-மான்’ (2024) தொடங்கும் விதம் வியப்பூட்டுவது. சூப்பர்ஹீரோ மோகம் கொண்ட சிறுவன் ஒருவன், தான் விரும்பும் நாயகர்கள் யாவரும் பெற்றோரை இழந்தவர்கள் என்று கண்டுகொண்டு தன் பெற்றோரைத் தீக்கிரையாக்குகிறான். இறக்குமதியான ஒரு கதைவகை அதன் இரசிகனிடம் என்ன செய்கிறது என்பதை இவ்வளவு கொடூரமான நகைச்சுவையோடு வேறெந்த இந்தியப் படமும் காட்டவில்லை. ஆயினும் அவன் வளர்ந்து அஞ்சனாத்ரி கிராமத்துக்கு வந்ததும் மணியைப் பறிக்க வந்த வழக்கமான பணக்கார வில்லனாகச் சுருங்கிவிடுகிறான்.

பேசில் ஜோசப்பின் ‘மின்னல் முரளி’ (2021) இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. குறுக்கன்மூலை என்னும் கற்பனைச் சிற்றூரில் ஒரே இரவில் இருவர் மின்னலால் தாக்கப்படுகின்றனர். ஒருவன் தையற்காரன் ஜெய்சன். மற்றவன் தேநீர்க்கடையில் வேலை செய்யும் ஷிபு. ஆற்றல் இருவருக்கும் ஒன்றே. தீவோ ஆய்வுக்கூடமோ இல்லை. உலகை வெல்லும் திட்டமும் இல்லை. ஷிபுவுக்கு வேண்டியது, பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த உஷாவோடு வாழ்வதும் அவளுடைய நோயுற்ற குழந்தையின் சிகிச்சைக்குப் பணமும் மட்டுமே. ஊர் அவனைப் பைத்தியக்காரன் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. ஜெய்சனும் வளர்ப்புப் பிள்ளையே. ஆனால் அவனுக்கு ஒரு தந்தை, ஓர் அக்காள், அவனை வியந்து பார்க்கும் மருமகன் என ஒரு வீடு கிடைத்திருந்தது. நாயகனுக்கும் வில்லனுக்கும் இடையிலான வேறுபாடு குணங்களின் பட்டியலாக இல்லாமல், ஊர் ஒருவனுக்குத் திறந்து மற்றவனுக்கு மூடிய கதவாக ஆகிறது. தசரூபக வரையறை இங்கே உதவாது.

கூத்துப்பட்டறையில் பயின்ற குரு சோமசுந்தரத்தின் நடிப்பு இதற்குப் பேருதவி. உஷா தன்னை ஏற்றுக்கொள்ளும் தருணத்தில் அவர் முகத்தில் சிரிப்பும் அழுகையும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடுகின்றன. அக்காட்சிக்குப் பின் அவனை வில்லன் என்று அழைக்கப் பார்வையாளருக்கே தயக்கம் வருகிறது. கொலைகள் செய்தவன் என்பதை மறக்கவும் படம் விடுவதில்லை.

இப்படத்துக்கும் ஓர் ஓட்டை உண்டு. உஷா இறப்பது ஊரார் வைத்த தீயில். அதன் பிறகே ஷிபு ஊரையே அழிக்கப் புறப்படுகிறான். ஜெய்சன் அவனைத் தடுத்து ஊரைக் காக்கிறான். காப்பாற்றப்பட்ட கூட்டத்தில் தீ வைத்தவர்களும் நிற்கின்றனர். அவர்களை நோக்கிப் படம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.