ஃபில்டர் எங்கே இருக்கிறது?

‘தேனீயின் கண்ணுக்குப் பூ இப்படித்தான் தெரியும்’ என்ற குறிப்போடு கைபேசிக்கு அடிக்கடி சில படங்கள் வந்துசேரும். கன்னங்கரிய பின்னணியில் இதழ்கள் நீலமும் பச்சையுமாகத் தகதகக்கும். மகரந்தம் மஞ்சளாகச் சுடர்விடும். அழகில் குறையில்லை. தேனீக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள உறவுதான் சந்தேகத்துக்குரியது. புற ஊதா ஒளிப்படம் என்ற ஒரே பெயரில், ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டு வேலைகள் நடந்துவருகின்றன. புதிதாக இறங்குகிறவர்கள் ஒன்றுக்கான கருவியை வாங்கிவிட்டு மற்றதன் படத்தை எதிர்பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

ஒரு வேலை, பிரதிபலிப்பைப் பிடிப்பது. வெயிலில் கலந்திருக்கும் புற ஊதாக் கதிர் பொருளின் மேல் பட்டுத் திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை முழுவதும் தடுத்துவிட்டு, அந்தக் கதிரை மட்டும் கேமரா பதிவுசெய்கிறது. மற்ற வேலை, ஒளிர்வைப் பிடிப்பது. இருட்டில் புற ஊதா டார்ச்சை அடித்தால் சில பொருள்கள் அக்கதிரை உள்வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளம் கொண்ட சாதாரண ஒளியாக வெளிவிடும்; பதிவாவது அந்த ஒளி. முன்னதில் ஃபில்டர் லென்ஸின் முகத்தில் இருக்கிறது, பின்னதில் டார்ச்சின் முகத்தில். முன்னதில் கேமரா காண்பதை நாம் ஒருநாளும் காண முடியாது. பின்னதைப் பக்கத்தில் நிற்கும் குழந்தையும் பார்க்கலாம்.

ஒளிர்வின் கணக்கை முதலில் தெளிவாகச் சொன்னவர் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். 1852இல் குயினைன் கரைசலை வைத்துச் சோதித்தபோது, தேவாலய ஜன்னலின் நீலக் கண்ணாடியை வெயிலுக்கு நேராகவும், ஒயின் நிரப்பிய கிண்ணத்தைக் கண்ணுக்கு முன்னாலும் வைத்துக்கொண்டார். இன்று ஜோடியாக விற்கும் ஃபில்டர்கள் செய்வது இதே வேலைதான். பிரதிபலிப்புப் படத்துக்கு முன்னோடி, பால்டிமோரின் ராபர்ட் வுட். வெள்ளி என்ற உலோகம் மற்ற ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பிவிட்டாலும் 320 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் உள்ளே விடும். அதை அறிந்து, படிகக்கல் லென்ஸின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு பூசினார். 1910 வாக்கில் அவர் காட்டிய படங்களில் துத்தநாக வெள்ளைச் சாயம் கரியாக விழுந்தது. வெயிலில் நின்ற மனிதரின் நிழல் ஏறக்குறைய மறைந்தே போனது. காற்று புற ஊதாவை அவ்வளவு சிதறடிப்பதால் வானம் முழுவதும் விளக்காகி நிழலை அழித்துவிடுகிறது. சுவையான சங்கதி, ஒளிர்வுக்கான விளக்கில் பயன்படும் கருங்கண்ணாடியை உருவாக்கியவரும் இதே வுட்தான்.

செலவைப் பார்த்தால் ஒளிர்வின் பக்கம்தான் ஏழைக்கு இரங்கும். கையில் இருக்கும் எந்தக் கேமராவும் போதும். ஒரு முக்காலி, இருட்டு, 365 நானோமீட்டர் எல்.இ.டி. டார்ச். மலிவான 395 நானோமீட்டர் டார்ச்சை வாங்கினால் ஊதா வெளிச்சம் படம் முழுவதும் வழிந்து ஒளிர்வை மூழ்கடித்துவிடும். 365இலும் கொஞ்சம் ஊதா கசியும் என்பதால், அதன் முகப்பில் இசட்.டபிள்யூ.பி.2 என்ற கருங்கண்ணாடியைப் பொருத்திக்கொள்வார்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் இதில் இறங்கவே கூடாது. கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் டார்ச், விழிக்கு மங்கலானது அல்ல.

பிரதிபலிப்பின் பக்கம் மூன்று சுவர்கள். முதலாவது கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. சென்சாரின் சிலிக்கனுக்குப் புற ஊதா ஓரளவு தெரியும்; ஆனால் அதன் முன் ஆலையிலேயே ஒட்டும் ஃபில்டர் புற ஊதா, அகச்சிவப்பு இரண்டையும் வெட்டிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு உருக்கிய சிலிக்காத் தகடு பொருத்த வேண்டும். வாரண்டிக்கு அத்தோடு கும்பிடு.

இரண்டாவது சுவர் லென்ஸ். இன்றைய லென்ஸ்களின் கண்ணாடி, பூச்சு, ஒட்டும் பசை எல்லாமே புற ஊதாவை விழுங்குபவை. இதற்கென்றே செய்த யு.வி. நிக்கோர் 105 மி.மீ. எஃப்4.5 உருக்கிய சிலிக்காவும் ஃபுளோரைட்டும் கொண்டது. 220 நானோமீட்டர் வரை ஊடுருவ விடும். இந்தியாவில் அதன் விலையை லட்சங்களில்தான் பேச வேண்டும். மறுபுறம், இருட்டறைக் காலத்தில் நெகட்டிவைப் பெரிதாக்கிய பழைய உலோக உடல் இ.எல். நிக்கோர் 80 மி.மீ. எஃப்5.6. எளிய அமைப்பு என்பதால் அதுவும் அருகமைப் புற ஊதாவை நன்றாகவே விடுகிறது. வெயிலில் பூக்களை எடுப்பவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஓசோன் தடுத்துவிடுவதால் 290 நானோமீட்டருக்குக் கீழான வெயில் தரையைத் தொடுவதே இல்லை. வராத ஒளிக்கு லட்சம் கொடுப்பானேன்? விலை உயர்ந்த லென்ஸின் உண்மையான வசதி வேறு: கண்ணால் பார்த்துக் குவித்த இடத்திலேயே புற ஊதாவும் குவியும். மலிவு லென்ஸில் குவியம் நகர்ந்துவிடுவதால், ஃபில்டரை மாட்டிய பிறகு திரையைப் பார்த்து மீண்டும் குவிக்க வேண்டும்.

மூன்றாவது சுவர்தான் ஆளை ஏமாற்றும். கறுப்பாகத் தெரியும் புற ஊதாக் கண்ணாடிகளில் பல, 700 நானோமீட்டருக்கு அப்பால் அகச்சிவப்பையும் விட்டுவிடும். மாற்றியமைத்த சென்சாருக்கு அகச்சிவப்பு வெகு பிரியம். விளைவு, புற ஊதா என்று பெருமையாகக் காட்டும் படம் பெரும்பகுதி அகச்சிவப்பாக இருக்கும். லென்ஸின் முன்னால் புற ஊதாவை மட்டும் தடுக்கும் ஃபில்டரைக் கூடுதலாக வைத்துப் பாருங்கள். படம் அப்போதும் விழுந்தால் அது கசிவு. நீலப்பச்சைக் கண்ணாடியை அடுக்கி இதைத் தடுப்பார்கள். அல்லது வெள்ளிக் கோளின் மேகங்களைப் படமெடுக்கவென்று செய்த பாடர் யு ஃபில்டரை வாங்குவார்கள்.

இவ்வளவும் தாண்டினால் சூரியகாந்தி இரண்டாகப் பிரிந்து தெரியும். நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் வெளியிதழ்களின் நுனி பளிச்சென்றும் அடிப்பகுதி கறுத்தும் விழும். நடுவில் இருண்ட பெரிய வட்டம். இதழடியின் ஃபிளேவனால் சேர்மங்கள் புற ஊதாவை விழுங்குவதே காரணம். தேனீக்கு இதுதான் சேதி. அதே பூவை இருட்டில் டார்ச்சடித்து எடுத்தால் மகரந்தம் ஒளிரலாம். அந்த வட்டம் தெரியும் என்ற உத்தரவாதம் இல்லை. விழுங்கிய கதிரை எல்லாப் பொருளும் ஒளியாகத் திருப்பித் தராது. பல அதை வெப்பமாக்கி முடித்துவிடும். ஒளிர்ந்தாலும் பகல் வெயிலில் அந்த மினுக்கம் எடுபடாது. கைபேசிப் படங்கள் சறுக்குவது இங்கேதான்.

பிரதிபலிப்புப் படமும் முழு உண்மையல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் தெரியும் மஞ்சளும் வெளிர்நீலமும் சென்சார் சாயங்களின் தற்செயல்; குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பல மடிப்பாக அடுக்கி, அதை வெள்ளையென்று வைத்து நிறத்தைச் சமன்செய்ததால் வந்தவை. தேனீ புற ஊதா, நீலம், பச்சை மூன்றையும் கலந்து காண்கிறது. நம் படம் அதில் ஒன்று மட்டும்.

ஒளிர்வுக்கு அதன் சொந்த நாடு உண்டு. நியூஜெர்சியின் ஃபிராங்க்ளின் சுரங்கக் கற்களில் வில்லமைட் பச்சையாகவும் கால்சைட் செம்மஞ்சளாகவும் எரிவதைக் காண 254 நானோமீட்டர் விளக்கு வேண்டும். பழைய ஓவியத்தின் வார்னிஷ் பச்சை பூத்து ஒளிர, பின்னாளில் தடவிய வண்ணம் கறுப்புத் திட்டாக நிற்கும். தேள் நீலப்பச்சையாக ஒளிரும். ஆனால் சட்டை உரித்த புதிதில் ஒளிராது, மேலோடு இறுகிய பிறகுதான். ரூபாய் நோட்டின் வரிசை எண் ஒளிர்வதைப் பார்க்க வீட்டை விட்டே இறங்க வேண்டாம்.

ஆனால் நம் தோட்டத்து யூரிமா ஹெகாபே என்ற சிறு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியிடம் டார்ச் வேலைக்காகாது. ஆணின் சிறகுகளின் மேற்புறம் புற ஊதாவைப் பளிச்சிட்டுத் திருப்புகிறது. இது சாயத்தின் வேலையல்ல. செதில்களின் நுண்ணமைப்பு, அதுவும் பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. சிக்கல் என்னவென்றால், உட்கார்ந்தால் சிறகை மூடிக்கொள்ளும் பூச்சி இது. திறந்த சிறகு கிடைப்பது பறக்கும்போதுதான். வெயிலில் விநாடிக் கணக்கில் ஒளி ஏற்ற வேண்டிய கேமராவுக்கு அது ஆகாத காரியம், ஃபிளாஷ் வேண்டும். புதிய ஃபிளாஷ் குழாய்களில் புற ஊதாவை வெட்டும் பூச்சு இருப்பதால், பூச்சில்லாத பழையதைத் தேடி வாங்கி, முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டையும் கழற்றிவிட வேண்டியிருக்கும்.