விளக்கெண்ணெய் குடிச்ச ஒட்டகம்

சோப்வித் கேமல், 1917-ல் முதல் உலகப்போரில் இறங்கின பிரிட்டிஷ் இரட்டை இறக்கை விமானம். துப்பாக்கிகளை மூடின தகடு திமில் மாதிரி இருந்ததால அந்தப் பேரு. நாலில் ஒரு பங்கு அளவுல மாடல் செய்யறேன். 28 அடி இறக்கை 7 அடி ஆகுது (வீட்ல திட்டு தனி).

திமிலை அலுமினியத் தகட்டுல வளைச்சாச்சு. எஞ்சின்தான் விஷயமே. ஒன்பது சிலிண்டரும் புரொப்பல்லரோட சேர்ந்தே சுத்தும். அந்தச் சுழற்சியால வலப்பக்கம் திருப்பினா மூக்கு சட்டுனு கவிழும். பயிற்சியிலேயே பல பசங்க செத்தாங்க. மாடல்ல அதைச் சுத்தாம ஒட்டி வைக்க எனக்கு மனசு வரலை. பேரிங் போட்டிருக்கேன்.

மசகுக்கு நம்ம விளக்கெண்ணெய்தான், பெட்ரோல்ல சுலபமா கரையாதுன்னு. உள்ளே போனது திரும்பாது, புகையோட தெறிச்சு விமானத்தோட அடிவயித்துத் துணியெல்லாம் பிசுபிசுப்பு. அந்தக் கறைக்குத்தான் இப்போ பழுப்பு பெயிண்ட் கலக்கறேன்.