ஒரிகன் வண்டித்தடம்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் ஊரில் தொடங்கி, மேற்கே ஒரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்குவரை சுமார் 3,500 கிலோமீட்டர் செல்கிறது ஒரிகன் வண்டித்தடம். 1843இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரே பருவத்தில் புறப்பட்டதிலிருந்து இது குடியேறிகளின் பெருவழியானது. 1869இல் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை இணைக்கப்படும்வரை, இதிலும் இதிலிருந்து கலிபோர்னியாவுக்கும் யூட்டாவுக்கும் பிரிந்த வழிகளிலுமாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே சென்றனர்.

கூண்டு வண்டிகளைப் பெரும்பாலும் எருதுகளே இழுத்தன. அவை குதிரையைவிட மலிவானவை. வழியோரப் புல்லைத் தின்றே தாக்குப்பிடிப்பவை. வண்டி நிறைய மாவும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் தட்டுமுட்டுச் சாமான்களும் இருந்ததால் ஆட்களில் பலர் நடந்தே வந்தனர். வசந்தத்தில் புல் முளைத்த பிறகே கிளம்ப முடியும். மலைகளில் பனி விழுமுன் கடந்தாகவும் வேண்டும். ஜூலை 4ஆம் தேதிக்குள் வயோமிங்கின் இண்டிபெண்டன்ஸ் பாறையை எட்டிவிட வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. அங்கே அவர்கள் செதுக்கிய பெயர்கள் இன்னும் தெரிகின்றன. பழங்குடியினரின் தாக்குதலைவிட மிக அதிகமானோரைக் கொன்றது நோய். குறிப்பாக, 1849 முதல் பிளாட் ஆற்றங்கரை முகாம்களில் பரவிய காலரா.

தடத்தைக் காணச் செல்பவர்கள் தவறவிடக் கூடாத இடம் வயோமிங்கின் கெர்ன்சி. திறந்த சமவெளியில் வண்டிகள் அகலப் பரவிச் சென்றன. இங்கோ ஆறும் குன்றும் நெருக்கியதால் எல்லாம் ஒரே வழியில் ஏறின. மணற்கல்லில் சக்கரங்கள் அறுத்த பள்ளம் சில இடங்களில் ஐந்தடி ஆழம். மாறாக, ராக்கி மலைத்தொடரை வண்டிகள் கடக்க வழிவிட்ட சவுத் பாஸ் கணவாய், சுமார் 2,260 மீட்டர் உயரத்தில் இருந்தும், ஏறுவதே தெரியாத மேட்டுவெளி. இந்தச் சரிவு இவ்வளவு மென்மையாக இல்லாதிருந்தால் குடும்பங்கள் வண்டியோடு ஒரிகனை அடைந்திருக்கவே முடியாது.

குடியேறிகளை ஈர்த்தது நிலம். 1850ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியுள்ள தம்பதியருக்கு 640 ஏக்கர்வரை இலவசமாக அளித்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடியினருடன் உடன்படிக்கைகள் முடியுமுன்பே நிலம் பங்கிடப்பட்டது பெரும் அநீதி.

1852இல் இவ்வழியே வந்த எஸ்ரா மீக்கர், 1906இல் முதுமையில் மீண்டும் எருது பூட்டித் திரும்பிச் சென்று, அழிந்துவந்த தடத்தில் நினைவுக்கற்கள் நடச் செய்தார். 1978இல் இது தேசிய வரலாற்றுத் தடமாக அறிவிக்கப்பட்டது. ஒரிகனில் பேக்கர் சிட்டி அருகிலுள்ள விளக்க மையம் குடியேறிகளின் பயணத்தைக் காட்டுகிறது. பெண்டில்டன் அருகே டமாஸ்ட்ஸ்லிக்ட் அருங்காட்சியகத்தில் கேயூஸ், உமடில்லா, வாலா வாலா மக்கள் அதே வரலாற்றைத் தங்கள் பக்கமிருந்து சொல்கிறார்கள். இரண்டையும் பார்ப்பவருக்கே தடம் முழுமையாகப் புலப்படும்.