ஹெகலின் அடிமை யார்?



இந்த நினைவுச் சொற்பொழிவில் ஜெர்மானியக் கருத்துமுதல்வாதத்தைப் பேச எடுத்துக்கொண்டோம் என்று தெரிந்ததும் நம் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றார்கள். நியாயமான கேள்விதான். நம்மில் பலருக்கு ஹெகல் மார்க்சிய வகுப்புகளில் ஒரே வரியில் அறிமுகமானவர். அவருடைய இயங்கியல் தலைகீழாக நின்றது, மார்க்ஸ் அதை நிமிர்த்தி வைத்தார் என்பதோடு அவர் கதை நமக்கு முடிந்துவிடும். ஆனால் நாம் துண்டறிக்கைதோறும் எழுதுகிற ‘அங்கீகாரம்’ என்ற சொல்லுக்கு இன்றைய சமூகக் கோட்பாட்டில் இருக்கும் கனம் பெரும்பாலும் அவரிடமிருந்து வந்தது. அந்தச் சொல்லை எந்த அடிமையின் கதையிலிருந்து அவர் எடுத்தார்? அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

1807இல் வெளிவந்த ‘ஆன்மாவின் தோற்றவியல்’ நூலில் சில பக்கங்களே வரும் பகுதி அது. இரண்டு தன்னுணர்வுகள் நேருக்கு நேர் நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன்னை மற்றது ஏற்க வேண்டும் என்கிறது. உயிரைப் பணயம் வைத்த மோதல் நடக்கிறது. சாவுக்கு அஞ்சியவர் அடிமையாகிறார், அஞ்சாதவர் ஆண்டானாகிறார். ஆனால் ஆண்டானுக்குக் கிடைப்பது தான் மதிக்காத ஒருவரின் வணக்கம். அது வெறும் காற்று. அடிமையோ பொருளோடு மல்லுக்கட்டி உழைக்கிறார். தன் கைபட்டு உருமாறிய பொருளில் தன்னைக் காண்கிறார். விடுதலை உணர்வின் பாதை ஆண்டான் வழியே போகவில்லை, அடிமை வழியே போகிறது.

இந்தப் பக்கங்களுக்கு உரை எழுதியவர்கள் நெடுங்காலம் அரிஸ்டாட்டிலைத் தேடினார்கள், ஹாப்ஸைத் தேடினார்கள், ஃபிஷ்டேவைத் தேடினார்கள். ஹெகல் படித்த புத்தகங்கள் எல்லாவற்றையும் புரட்டினார்கள். அவர் படித்த பத்திரிகையைப் புரட்டியவர்கள் அரிது.

அந்தப் பத்திரிகையின் பெயர் மினர்வா. ஆசிரியர் ஆர்ஹென்ஹோல்ட்ஸ். 1794 டிசம்பரில் பெர்ன் நகரிலிருந்து ஷெல்லிங்குக்கு எழுதிய கடிதத்தில் ஹெகல் இதைக் குறிப்பிடுகிறார். 1804, 1805ஆம் ஆண்டுகளில் இதே மினர்வா, சான் டொமிங்கோ தீவில் நடந்ததைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. பிரான்சுக்குச் சர்க்கரையும் காப்பியும் கொட்டிக்கொடுத்த அந்தக் காலனியில் ஏறக்குறைய ஐந்து லட்சம் கறுப்பின அடிமைகள் இருந்தார்கள். 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தீவை அடக்கப் பெரும்படை அனுப்பிய நெப்போலியன், 1802இல் அடிமைமுறையை மீண்டும் சட்டமாக்கினான். துசான் லூவெர்த்துரைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பிரான்சின் குளிர்மலைக் கோட்டையில் அடைத்தான். 1803 ஏப்ரலில் அவர் அங்கேயே இறந்தார். அப்படியும் அந்தப் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று தெஸ்ஸாலின் தலைமையில் ஹைட்டி விடுதலையை அறிவித்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்குள், ஜெர்மனியின் யேனா நகரில் ஒருவர் ஆண்டான்–அடிமை மோதலை எழுதுகிறார். கையெழுத்துப்படியை முடிக்கும் நேரத்தில், 1806 அக்டோபரில், தெருவில் குதிரைமேல் போன நெப்போலியனைப் பார்த்து, உலகத்தின் ஆன்மாவையே பார்த்துவிட்டதாகச் சிலிர்த்து நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். அந்த உலக ஆன்மாதான் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹைட்டி மக்களின் காலில் மறுபடியும் விலங்கு பூட்டப் பார்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பியேர்-ஃபிராங்க்ளின் தவாரேஸ் பிரெஞ்சில் இந்தத் தொடர்பைக் கிளப்பினார். 2000இல் சூசன் பக்-மோர்ஸ் எழுதிய ‘ஹெகலும் ஹைட்டியும்’ கட்டுரை அதை உலகறியச் செய்தது. ஹெகலின் அடிமை நூலகத்திலிருந்து வரவில்லை, செய்தித்தாளிலிருந்து வந்தார் என்பது அவருடைய வாதம். நேரடிச் சான்று எங்கே, அந்தப் பக்கங்களில் ஹைட்டி என்ற பெயரே இல்லையே என்று மறுப்பவர்கள் உண்டு. அந்த மறுப்பை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. பத்திரிகை படித்தார் என்பதும், அந்தச் செய்தியை வைத்து எழுதினார் என்பதும் ஒன்றாகிவிடாது. ஆனால் பெயர் இல்லாததே வாதத்தை முடித்துவிடும் என்பதையும் நாம் ஏற்கவில்லை. நம் ஊர் வரலாற்றில் யாருடைய பெயர்கள் எழுதப்படாமல் போகும் என்பது இந்த அரங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதனால் ஹெகலை நம் பக்கத்து ஆளாக்கிக்கொள்ள வேண்டாம். பின்னாளில் பெர்லினில் நடத்திய உலக வரலாற்று விரிவுரைகளில், ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என்றார். அடிமைமுறை அநீதிதான், ஆனால் அதைப் படிப்படியாக ஒழிப்பதே அறிவுடைமை என்றார். படிப்படியாக! இந்தச் சொல்லை நாம் எத்தனை மேடைகளில், எத்தனை நல்லவர்கள் வாயால் கேட்டிருக்கிறோம்.

மற்றவர்களும் இதற்கு விலக்கில்லை. காண்ட் 1775இலும் 1785இலும் மனித இனங்களைத் தரம்பிரித்துக் கட்டுரை எழுதினார். 1795இல் ‘நிரந்தர அமைதி’யில் ஐரோப்பியரின் காலனியக் கொடுமைகளையும் சர்க்கரைத் தீவுகளின் அடிமைமுறையையும் கண்டித்தார். அவர் மனம் மாறினார் என்கிறார் பவுலின் கிளைங்கெல்ட். அப்படி எளிதாக மன்னித்துவிட முடியாது என்கிறார் ராபர்ட் பெர்னஸ்கோனி. ஃபிஷ்டேவின் கதை இன்னும் கசப்பானது. நாடா நெசவாளியின் மகன். பிறர் தயவில் படித்தவர். மனிதரின் சுதந்திரத்தைத் தத்துவத்தின் முதற்புள்ளியாக வைத்தவர். அவரே 1793இல் எழுதிய நூலில், யூதர்களுக்குக் குடியுரிமை கொடுக்க வேண்டுமானால் ஓர் இரவில் அவர்கள் தலைகளை வெட்டி வேறு தலைகளைப் பொருத்த வேண்டும் என்றார். கீழிருந்து வந்தவர் எல்லாம் கீழிருப்பவருக்காகப் பேசுவார் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஃபிஷ்டேவைப் படிக்கட்டும்.

சாதியைப் பற்றியும் ஹெகல் பேசியிருக்கிறார். ஒருவர் எந்தத் தொழிற்பிரிவில் சேர்வது என்பதைப் பிறப்பே முடிவுசெய்வதற்கு எடுத்துக்காட்டாக, ‘உரிமையின் தத்துவம்’ நூலில் இந்தியச் சாதிகளைச் சொல்கிறார். 1827இல், கீதையைப் பற்றிய ஹம்போல்ட்டின் உரைகளுக்கு நீண்ட மதிப்புரை எழுதினார். ஐரோப்பிய அறிஞர்கள் கீதையில் மயங்கிக் கிடந்த நேரம் அது. கண்ணன் அர்ச்சுனனுக்குச் சொல்வது மனிதர் எல்லோருக்குமான அறம் இல்லை, பிறந்த சாதிக்குரிய கடமை என்பதை ஹெகல் கண்டுகொண்டார். கூர்மையான வாசிப்பு. ஆனால் அதே ஹெகல்தான், ஐரோப்பியருக்கு அடிபணிவது ஆசியப் பேரரசுகளின் தவிர்க்க முடியாத விதி என்றும் சொன்னார். அவருக்குச் சாதி என்பது இந்தியாவை ஆள்வதற்கான நியாயம். சாதிக்குக் கீழே நசுங்கியவர் எழுந்து மோதுவார் என்ற எண்ணம் அவருக்கு எழவே இல்லை.

அந்த மோதலை எழுதியவர்கள் வேறு இடங்களிலிருந்து வந்தார்கள். 1933 முதல் 1939 வரை பாரிசில் கொழேவ் நடத்திய ஹெகல் வகுப்புகள் ஆண்டான்–அடிமைப் பகுதியைப் பிரெஞ்சுச் சிந்தனையின் நடுவே கொண்டுவந்து வைத்தன. லக்கானும் மெர்லோ-போன்டியும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள். அந்தச் சூழலில் படித்த மார்டினிக் தீவின் ஃபிரான்ஸ் ஃபனோன், 1952இல் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலில் ஹெகலோடு சண்டை போட்டார். காலனியில் இருக்கும் ஆண்டான் ஹெகல் சொன்ன ஆண்டான் இல்லை. அவனுக்கு அடிமையின் அங்கீகாரம் தேவையில்லை, உழைப்பு மட்டும் போதும் என்றார். பிரெஞ்சுக் கறுப்பருக்கு விடுதலை மோதலில் கிடைக்கவில்லை, ஆண்டான் கொடுத்ததாக வந்தது. அதனால்தான் அது உள்ளே அரிக்கிறது என்றார். ஃபிராங்க்ஃபர்ட்டில் தத்துவம் படித்துத் திரும்பிய ஏஞ்சலா டேவிஸ், 1969இல் கலிபோர்னியாவில் ஃபிரெடெரிக் டக்ளஸின் தன்வரலாற்றை வைத்து விடுதலை பற்றி விரிவுரை செய்தார். தன்னை அடித்து ‘வழிக்குக் கொண்டுவர’ அமர்த்தப்பட்ட கோவியோடு 1834இல் கைகலந்த டக்ளஸ், சாவுக்கு அஞ்சாமல் நின்று தன்னை மீட்டவர். ஹெகலின் கதையில் அஞ்சாதவர் ஆண்டானாவார். டக்ளஸ் யாருக்கும் ஆண்டானாகவில்லை. கம்யூனிஸ்ட் என்று சொல்லி டேவிஸை அந்த வேலையிலிருந்தே துரத்தப் பார்த்தார்கள் என்பது தனிக்கதை.

நாம் இந்த வரிசையில் நின்று என்ன கேட்கிறோம்? ஹெகலின் இருவர் முதலில் நேருக்கு நேர் நிற்கிறார்கள். தீண்டாமை அந்த நேருக்கு நேரையே தடுக்கிறது. முகம் பார்க்காதே, நிழல் படாதே, இந்தத் தெருவில் நடக்காதே என்கிறது. மோதலுக்கு முன்பே களம் பிரிக்கப்பட்டுவிட்டது. அடுத்தது உழைப்பு. தன் உழைப்பில் அடிமை தன்னைக் காண்கிறார் என்பது தச்சருக்கும் உழவருக்கும் பொருந்தலாம். மலக்குழியில் இறக்கப்படுபவர் அங்கே எந்தத் தன்னைக் காண்பது? சாதி உழைப்பைப் பிரிக்கவில்லை, உழைப்பாளிகளைப் பிரித்தது என்று அம்பேத்கர் சொன்னது ஹெகலின் இந்த இடத்துக்கு நேரான பதில்.

அம்பேத்கருக்கும் இந்த மரபுக்கும் ஒரு மெய்யான தொடர்பு உண்டு. 1913 முதல் 1916 வரை அவர் கொலம்பியாவில் படித்தபோது ஜான் டூயி அங்கே ஆசிரியர். டூயி இளமையில் ஹெகலியர். ஹெகல் தன் சிந்தனையில் நிலையான படிவை விட்டுச்சென்றதாக 1930இல் அவரே எழுதினார். அம்பேத்கரிடம் டூயியின் தடங்களை அருண் முகர்ஜியும் ஸ்காட் ஸ்ட்ரௌடும் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அதனால் அம்பேத்கர் ஹெகலின் பேரன் என்று கிளம்பிவிட வேண்டாம். ஒரு சிந்தனையின் மதிப்புக்கு அதன் கோத்திரத்தைத் தேடுவது நாம் எதிர்த்து நிற்கும் பழக்கம்.

1946இல் அம்பேத்கர், டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். டு பாய்ஸ் 1892 முதல் 1894 வரை பெர்லினில் படித்தவர். அவருடைய ‘இரட்டை உணர்வு’க் கருத்தில் ஹெகலைக் காண்பவர்களும் உண்டு. ஆனால் கடிதத்தில் ஹெகலும் இல்லை, பெர்லினும் இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுக்கும் மனுவின் படிகளை அனுப்ப முடியுமா என்று அம்பேத்கர் கேட்டிருந்தார். அனுப்புகிறேன் என்று டு பாய்ஸ் பதில் எழுதினார்.