உடலறைகளும் தமிழ் மருத்துவ நூலும்

மார்பறை, வயிற்றறை முதலியவற்றை மெல்லிய சவ்வுகள் போர்த்துள்ளன. நுரையீரலைப் புடைச்சவ்வும், இதயத்தை இதயச்சுற்றுச்சவ்வும், குடலைச் சுற்றுவிரியும் இரு படையாய்ச் சூழ்வன. படைகளுக்கு இடையிலுள்ள சிறிதளவு நீர்மம் உறுப்புக்கள் உராய்வின்றி அசைய உதவுகின்றது.

இத்தகைய உடற்கூற்றறிவைத் தமிழிற் புகுத்தியோருள் தலையாயவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவராவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இவர், மானிப்பாயில் மருத்துவம் பயிற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலமே போதனாமொழி. 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். ஆயின் கற்பிக்க நூலும் கலைச்சொல்லும் வேண்டுமன்றோ? அக்குறை நீக்க மாணவர் துணையுடன் முனைந்தார். அதன் பயனாய் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது.

பொகவந்தலாவையில் இன்று உயிரியல் பயிலும் மாணவனுக்குச் ‘சுற்றுவிரி’ என்னும் சொல்லே அதன் பொருளை உணர்த்திவிடுகின்றது: சுற்றி விரிந்திருப்பது. மனனம் செய்தல் வேறு, விளங்கிக்கொள்ளுதல் வேறு. பிறநாட்டார் ஒருவர் உணர்ந்த இவ்வுண்மையைப் பேணுதல் நம் கடனாகும்.