லினக்ஸ் முனையம்: வரலாறும் திறக்கும் முறையும்

லினக்ஸ் கணினியில் கட்டளைகளை எழுத்தாகத் தட்டி வேலை வாங்குவதற்கான சாளரம் முனையம் எனப்படும். இதையே டெர்மினல் என்கிறோம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் எல்காட் நிறுவனம் வழியாக மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. இது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம். இவ்வாறு, இராமநாதபுரம் மாவட்டத்து அபிராமம் போன்ற ஊர்களின் வீடுகளுக்குள்ளும் முனையம் வந்து சேர்ந்தது. ஆயினும், எதையாவது தட்டினால் கணினி கெட்டுவிடுமோ என்று அஞ்சி அதைத் திறக்காமலே விட்ட மாணவர்கள் உண்டு. அதன் வரலாறு தெரிந்தால் அந்த அச்சம் குறையும்.

தோற்றம்

நம் தந்தி அலுவலகங்களிலும் நாளிதழ் அலுவலகங்களிலும் ஒருகாலத்தில் டெலிபிரிண்டர் இருந்தது. அதே வகைப் பொறிதான் கணினியின் முதல் முனையங்களுள் ஒன்று. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது, திரைக்குப் பதில் தாளில் அச்சடிக்கும் டெலிடைப் பொறிகளே பயன்பட்டன. டெலிடைப் 33 என்ற பொறி விநாடிக்கு 10 எழுத்துகளே அச்சடிக்கும். யூனிக்ஸ் கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்துகளில் சுருங்கியிருப்பதற்கு இந்த மெதுவான வேகமும் ஒரு காரணம்.

1978-இல் வந்த வி.டி.100 என்ற திரை முனையம் 24 வரிகளும், வரிக்கு 80 எழுத்துகளும் காட்டியது. இன்றும் பல முனையச் சாளரங்கள் அதே அளவில்தான் திறக்கின்றன.

1991-இல் பின்லாந்தின் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தம் கணினியிலிருந்து பல்கலைக்கழகக் கணினியைத் தொடர்புகொள்ள ஒரு முனைய நிரலை எழுதினார். அதுவே வளர்ந்து லினக்ஸ் ஆயிற்று.

திறக்கும் முறை

உபுண்டுவில் கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் முனையம் திறக்கும். மற்ற லினக்ஸ் வகைகளில் பயன்பாடுகள் பட்டியலில் டெர்மினல் என்று தேடலாம்.

முதலில் பி.டபிள்யூ.டி என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டி என்டர் விசையை அழுத்துக. இது பொதுப்பணித் துறை அன்று. நாம் நிற்கும் கோப்புறையைக் காட்டும் கட்டளை. எல்.எஸ் என்று தட்டினால் அங்குள்ள கோப்புகள் வரிசையாகத் தோன்றும். இவ்விரண்டும் காட்டுமேயன்றி எதையும் அழிக்கா. அழிக்கும் கட்டளை ஆர்.எம், அதனால் நீக்கிய கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகாது. ஆகவே, பொருள் தெரியாத கட்டளையைத் தட்டாதிருப்பதே போதுமான எச்சரிக்கை.

இறுதியாக டி.டி.ஒய் என்று தட்டிப் பாருங்கள். நீங்கள் எந்த முனையத்தில் இருக்கிறீர்கள் என்று கணினி சொல்லும். அந்த மூன்றெழுத்து, பழைய டெலிடைப் பொறியின் பெயர்ச் சுருக்கம். பொறி போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது.